முழத்துண்டும் கால்பணமும்: மயான காண்டத்தில் நாம் யாருக்காக அழுகிறோம்?

நம் ஊர்கள் பலவற்றில் பிணம் சுடுகாட்டுக்குள் போவதற்கு முன் ஒரு கல்லின் முன்னால் இறக்கி வைக்கப்படுகிறது. சில இடங்களில் அது வெறும் நடுகல். சில இடங்களில் சின்ன மண்டபம். நகரங்களில் பெயின்ட் அடித்த சிமெண்ட் சிலை. யாரைக் கேட்டாலும் "அரிச்சந்திரன் கோயில்" என்பார்கள். மயான வேலை செய்பவர் அங்கே முன்னால் வந்து நின்று, அரிச்சந்திரன் கதையைப் பாட்டாகவோ வசனமாகவோ சொல்லித் தனக்குரியதைக் கேட்பார். அதைக் கொடுத்த பிறகுதான் பாடை உள்ளே நகரும்.

யோசித்துப் பார்த்தால் இது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத விஷயம். ஷேக்ஸ்பியர் பிறந்த நாட்டில்கூட ஹாம்லெட்டுக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் சிலை வைத்து, அவனிடம் அனுமதி வாங்கிச் சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோவதில்லை. இங்கே ஒரு துன்பியல் நாடகத்தின் நாயகன் மேடையிலிருந்து இறங்கி நம் சாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். பேச்சிலும் அவன்தான். உண்மை பேசினால் "பெரிய அரிச்சந்திரன்", புளுகினால் "அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன்". சினிமா வந்தபோது முதலில் வந்ததும் அவன்தான். 1913இல் தாதாசாகேப் பால்கே எடுத்த இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் 'ராஜா ஹரிச்சந்திரா'. 1944இல் ஏவி.எம். கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிமாற்றம் செய்து வெளியிட்ட படமும் அரிச்சந்திரன் கதைதான்.

ஆனால் அவன் உயிரோடு இருப்பது படங்களில் அல்ல, ஸ்பெஷல் நாடக மேடையில். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசப்படும் நாடகம் 'அரிச்சந்திர மயான காண்டம்'. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்த்ரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் எல்லோரும் சந்திக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குச் சந்திரமதி பிள்ளையின் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது, தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்லும் கரையும் காட்சி அது. நடிப்பவர்களின் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கேள்வி அந்தக் கண்ணீரைப் பற்றியது.

காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்குக்காக நாட்டை இழந்த அரிச்சந்திரன், காசியில் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் ஒரு பார்ப்பனருக்கு விற்கிறான். மீதிக் கடனுக்குத் தன்னையே சுடுகாட்டுத் தலைவன் வீரபாகுவிடம் விற்றுக்கொள்கிறான். தர்ப்பை பறிக்கப் போன பிள்ளை பாம்பு கடித்துச் சாகிறான். நள்ளிரவில் சுடலைக்குப் பிணத்தோடு வரும் தாயிடம், காவல் நிற்கும் அரிச்சந்திரன் கூலி கேட்கிறான். வாய்க்கரிசி தனக்கு, முழத்துண்டும் கால்பணமும் தன் எசமானனுக்கு. அவளிடம் எதுவும் இல்லை. கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றாவது கொடு என்கிறான். புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியக்கூடிய தாலி அது. அப்போதுதான் இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிகிறது. தெரிந்த பிறகும் கூலியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.

இனி மநுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். செத்தவர்களின் துணியே அவர்களுக்கு உடை. உறவு இல்லாதவரின் பிணத்தை அவர்களே சுமக்க வேண்டும். அரசன் உத்தரவிட்டால் மரண தண்டனைக்கு உரியவர்களை அவர்களே கொல்ல வேண்டும். செத்தவர் துணி என்பது நாடகத்தில் முழத்துண்டாக வருகிறது. பிணம் எரிப்பது காட்சியாகவே வருகிறது. மரண தண்டனை? அதுவும் உண்டு. காசி ராஜாவின் பிள்ளையைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டுச் சந்திரமதி கொலைக்களத்துக்கு வருகிறாள். வெட்டும் வேலை அரிச்சந்திரனுக்கு வருகிறது. மநு வசனமாக எழுதியதை நாடகம் ஒன்றுவிடாமல் மேடையேற்றுகிறது. ஒரே ஒரு மாற்றம்: அந்த இடத்தில் சண்டாளனுக்குப் பதில் ஒரு சத்திரியனை நிறுத்திவிடுகிறது. நிறுத்தியதும் பார்க்கிறவர்கள் அழுகிறார்கள்.

துன்பியலின் அச்சாணி அங்கேதான் இருக்கிறது. பிணம் எரிப்பது துயரம் அல்ல, ராஜா பிணம் எரிப்பதுதான் துயரம். செத்தவர் துணிக்குக் கை நீட்டுவது அவலம் அல்ல, கிரீடம் வைத்த தலை அதற்குக் குனிவதுதான் அவலம். வீரபாகு அந்த வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்தவன். அவனுக்காக மேடையில் யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. நான் பார்த்த மேடைகளில் அவன் பெரும்பாலும் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற கோமாளி. அவன் வந்தால் கூட்டம் சிரிக்கும், அவன் போனதும் அழத் தயாராகும்.

மூலக்கதையில் இது இன்னும் பச்சையாக இருக்கிறது. மார்க்கண்டேய புராணத்தில் அரிச்சந்திரனை விலைக்கு வாங்க வருகிற சண்டாளன் துர்நாற்றம் வீசுகிறவனாக, கோர உருவம் கொண்டவனாக வருணிக்கப்படுகிறான். நாட்டைக் கேட்டபோது அரிச்சந்திரன் கொடுத்தான். மனைவியையும் பிள்ளையையும் விற்க நேர்ந்தபோது கதறினான், ஆனாலும் விற்றான். சண்டாளனுக்கு அடிமையாகப் போ என்றதும் மட்டும், சூரிய குலத்தில் பிறந்தவன் அதை எப்படிச் செய்வேன், உங்களுக்கே அடிமையாக இருந்துவிடுகிறேன் என்று முனிவரிடம் மன்றாடுகிறான். உலகத்தில் எதையும் சத்தியத்துக்காகக் கொடுக்கத் தயாராக இருந்தவனுக்குத் தொண்டையில் சிக்கிய ஒரே எலும்பு சாதி.

கன்னடத்தில் இதைவிட வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ராகவாங்கனின் 'ஹரிச்சந்திர காவியம்' அங்கே பெருங்காவியம். அதில் விசுவாமித்திரர் உண்டாக்கி அனுப்பும் இரண்டு தீண்டப்படாத பெண்கள் அரசன் முன் பாடி ஆடுகிறார்கள். பரிசாக வெண்கொற்றக் குடையைக் கேட்கிறார்கள், மறுக்கிறான். அப்படியானால் எங்களை மணந்துகொள் என்கிறார்கள். சாதியைச் சொல்லி விரட்டுகிறான். அந்தப் பெண்கள் விடவில்லை. எங்கள் பாட்டைக் கேட்ட காதுக்குத் தீட்டு இல்லை, எங்கள் அழகைப் பார்த்த கண்ணுக்குத் தீட்டு இல்லை, எங்களோடு பேசிய வாய்க்குத் தீட்டு இல்லை, தொட்டால் மட்டும் எப்படித் தீட்டாகும், ஐந்து புலன்களில் ஒன்று மட்டும் என்ன உசத்தி என்று மடக்குகிறார்கள். அவனிடம் பதில் இல்லை. முனிவர் வந்து, ஒன்று இவர்களை மணந்துகொள், இல்லையென்றால் நாட்டைக் கொடு என்கிறார். அவன் நாட்டைக் கொடுத்துவிடுகிறான்.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம். 'சத்தியத்துக்காக நாட்டைத் துறந்தவன்' என்று நாம் பள்ளிப் பாடத்தில் படித்த அந்தத் துறவு, இந்தக் காவியத்தில் சாதி மறுப்புத் திருமணத்திலிருந்து தப்பிக்கக் கொடுத்த விலை. நாடு போனாலும் பரவாயில்லை, சாதி போகக் கூடாது. இன்றைக்குப் பெற்ற மகளைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று பேசுகிற அப்பன்மாரின் குரல் எனக்கு இதில் கேட்கிறது. ராகவாங்கன் அந்தப் பெண்களுக்கு அவ்வளவு கூர்மையான வாதத்தைக் கொடுத்திருக்கிறாரே, அது மட்டும் ஆறுதல். வனமாலா விசுவநாதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் வந்திருக்கிறது. தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

சரி, வீரபாகு கடைசியில் என்ன ஆகிறான்? வெட்ட ஓங்கிய வாள் மாலையாகிறது, செத்த பிள்ளை எழுந்து உட்காருகிறான், தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள், நாடு திரும்பக் கிடைக்கிறது. மார்க்கண்டேய புராணத்தின்படி, சண்டாளனாக வந்தவன் சண்டாளனே இல்லை, அந்த வேடத்தில் வந்த தர்மதேவன். அதாவது ராஜா ஒருநாளும் உண்மையான தீண்டப்படாதவனுக்கு அடிமையாக இருக்கவில்லை. தீட்டு கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. கதைக்குள் இருந்த ஒரே மயானத் தொழிலாளியும் வேடம் கலைந்து காணாமல் போகிறான். எல்லோரும் சொர்க்கத்துக்கோ அயோத்திக்கோ கிளம்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை வருகிற பிணத்தை யார் எரிப்பது என்று புராணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, அதற்குத்தான் சேரி இருக்கிறது.

என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேல் சுடுகாட்டு வேலை பார்த்தவர். ராஜா ஒரே ஒரு ராத்திரி எரித்ததற்கே சாமி இறங்கி வந்துவிட்டதே என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். இந்த நாடகத்தைப் பற்றி அதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

காந்தி சிறுவனாக இருந்தபோது இந்த நாடகத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எத்தனையோ முறை அதைத் தனக்குள் நடித்துப் பார்த்தாராம். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல உண்மையாக இருக்கக் கூடாது என்று ஏங்கினாராம். குழந்தை ஏங்கியதில் தவறில்லை. ஆனால் 1936இல் 'ஹரிஜன்' இதழில் 'இலட்சிய பங்கி' என்று ஒரு கட்டுரை எழுதினாரே, அதைப் படிக்கும்போது எனக்கு மயான காண்டம்தான் நினைவுக்கு வருகிறது. மலம் அள்ளுகிற வேலையைப் புனிதப் பணியாக உயர்த்தி, அதைச் செய்கிறவர் எப்படிச் சிறந்து விளங்க வேண்டும் என்று பாடம் எடுக்கிற கட்டுரை அது. இழிவு வேலையில் இல்லை, மனதில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்த வகைப் போதனையைத் தோலுரித்தார். பிறப்பால் ஒருவர் மீது சுமத்திய வேலையை, அவரையே பெருமையாக நினைக்கச் சொல்வது கொடூரமான ஏமாற்று என்பது அவர் நிலைப்பாடு. வேலைக்குப் புனிதம் பூசுகிறவர்கள் யாரும் அந்த வேலையை வாங்கிக்கொள்வதில்லை. அரிச்சந்திரனைப் போற்றுகிற எந்தச் சாதி இந்து வீட்டிலாவது பிள்ளையை மயான வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களா?

காசியில் இந்தப் பூச்சு இன்னும் பளபளப்பானது. அங்கே ஒரு படித்துறைக்கே ஹரிச்சந்திரா காட் என்று பெயர். அங்கேயும் மணிகர்ணிகாவிலும் சிதைக்கு நெருப்புக் கொடுப்பவர்கள் டோம் சமூகத்தினர். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கிய கல்லு டோமின் வம்சம் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் தலைவருக்கு 'டோம் ராஜா' என்ற பட்டம் உண்டு. 2019 தேர்தலில் மோடியின் வேட்புமனுவை முன்மொழிந்தவர்களில் அன்றைய டோம் ராஜாவும் ஒருவர். அவர் இறந்த பிறகு 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பட்டம் கிடைத்தது, பத்மஸ்ரீ கிடைத்தது, சிதைக்குப் பக்கத்தில் நிற்கிற சாதி மட்டும் மாறவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அரிச்சந்திரனை வைத்துக்கொண்டு நம் மயானத் தொழிலாளர்கள் செய்வது வேறு, மேடை செய்வது வேறு. சுடுகாட்டு வாசலில் கதை சொல்கிறவர் ராஜாவுக்காக அழச் சொல்லவில்லை, கூலி கேட்கிறார். இசபெல் கிளார்க்-டெசெஸ் என்ற மானிடவியலாளர், தமிழ்ச் சாவுப் பாடல்கள் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் இதை 'மயான விண்ணப்பம்' என்று தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். கூர்ந்து கவனித்தால் அது ஒரு உரிமைக் கோரல். ராஜாவே பெற்ற பிள்ளையின் பிணத்துக்குக் கூலி விடவில்லை, நீ எப்படிக் கொடுக்காமல் போவாய் என்பதுதான் அதன் வாதம். நிர்ணயித்த சம்பளம் கிடையாது, நேரம் கிடையாது, மறுக்கிற உரிமையும் கிடையாது. அந்த நிலையில் தன் கூலியைக் கேட்க ஒரு மனிதருக்குப் புராணத்தின் துணை தேவைப்படுகிறது. அதற்காக அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை. புராணம் இல்லாமல் கூலி கேட்க முடியாத நிலையில் அவரை வைத்திருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

'வெட்டியான்' என்ற சொல்லே என்ன சொல்கிறது பாருங்கள். வெட்டி என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளிலேயே அந்தச் சொல் இருக்கிறது. இன்று நாம் "வெட்டியா இருக்கேன்" என்று வாட்ஸ்அப்பில் போடுகிறோம். ஓயாமல் உழைத்தவர்களின் பெயர், சும்மா இருப்பதற்கான சொல்லாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பிணம் அல்லது செத்த விலங்கைச் சுமக்கவோ அகற்றவோ, சவக்குழி தோண்டவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. 2016 சனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஊர்ச் சாவுக்குச் சேரிக்கு ஆள் அனுப்பி, "யாருடா முறை, வரச் சொல்லு" என்று கூப்பிடுகிற ஒவ்வொரு அழைப்பும் இந்தப் பிரிவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வரமாட்டேன் என்றால் மறுநாள் வயல்வேலை கிடைக்காது, மளிகைக் கடையில் கடன் கிடைக்காது. அதற்குப் பெயர் கட்டாயம் இல்லையென்றால் வேறென்ன?

அந்த மனிதர் செத்தால் அவர் உடல் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் ஊர்ச் சுடுகாட்டில் விறகு அடுக்கியவருக்கு அந்தச் சுடுகாட்டில் இடம் கிடையாது. சேரிக்குத் தனிச் சுடுகாடு. அதற்குப் பாதை இருந்தால் அதிர்ஷ்டம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? மயானத்துக்குப் போகிற வழி ஆதிக்கச் சாதியினரின் நிலத்தால் அடைபட்டதால், ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்டு இறக்கினார்கள். காணொளி வெளியே வந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. முழத்துண்டு கேட்டு நிற்கிற ராஜாவுக்காக நூறு வருடமாக அழுகிற இந்த மண்ணில், கயிற்றில் தொங்கிய அந்த உடலுக்காக எத்தனை ஊர் அழுதது?

அயோத்திதாசப் பண்டிதர் நமக்கு முன்பே இந்தக் கதையோடு மல்லுக்கட்டியவர். அவர் நூல்களில் ஒன்றின் தலைப்பே 'அரிச்சந்திரன் பொய்கள்'. ஊரே சத்தியத்தின் மறுபெயராகக் கும்பிட்ட ஒரு பெயருக்குப் பக்கத்தில் 'பொய்கள்' என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நந்தன் கதையையும் இப்படித்தான் அவர் 'நந்தன் சரித்திர தந்திரம்' என்று எழுதினார். பறையரைச் சுடுகாட்டோடும் தீக்குழியோடும் கட்டிப்போடுகிற கதைகளைப் பக்திக்கண் இல்லாமல் வாசிக்கிற மரபு அவரிடமிருந்து தொடங்குகிறது. இன்றைய இளைஞர்கள் ரஞ்சித்தின், மாரி செல்வராஜின் படங்களைக் காட்சிக்குக் காட்சி பிரித்துப் பேசுகிறார்கள், மகிழ்ச்சி. அதே கூர்மையோடு ஒரு இரவு திருவிழா மேடைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

இந்த நாடகத்தைத் தடை செய், சிலையை எடு என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள், சீசன் நாட்களின் வருமானத்தில் வருடத்தை ஓட்டுகிறவர்கள். அந்தக் கலை வடிவத்துக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. பாட்டுகள் பழையவை என்றாலும் வசனம் பெரும்பாலும் அன்றன்று மேடையிலேயே பிறப்பது. தர்க்கம் என்று ஒரு பகுதியே உண்டு. அரிச்சந்திரனும் சந்திரமதியும் மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள், கூட்டம் விசிலடிக்கும். அப்படி வாதம் செய்கிற உரிமை வீரபாகு வேடக்காரருக்கும் உண்டு. நாடகம் வைக்கிற விழாக் கமிட்டிகளில் நம் தோழர்கள் இருக்கிற ஊர்கள் எத்தனையோ இருக்கின்றன. இந்த வருடம் அவர்கள் நாடகக்காரர்களை ஒப்பந்தம் செய்யும்போது ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். வாளெல்லாம் மாலையாகி, ராஜா கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புகிறபோது, வீரபாகு தர்மதேவனாக மாறாமல் வீரபாகுவாகவே பத்து நிமிடம் நிற்கட்டும். அரிச்சந்திரனை வழிமறித்து, "நீங்க போறீங்க, நாளைக்குக் காலையில யாரு வர்றது?" என்று கேட்கட்டும். ராஜபார்ட் என்ன பதில் சொல்வார் என்று கேட்க நானே வந்து முன்வரிசையில் உட்காருவேன்.